நூற்றுக்கு நூறு வாங்கிய செங்கோடன்

உணவுக்குழாயில் அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதமாகியும் விசைத்தறிக்காரன் செங்கோடன் வார்டிலேயே கிடந்தான். கூட்டிப்போக ஆளில்லை. அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ரத்தினசபாபதி, நான் பார்த்த தலைக்கனக்காரர்களிலேயே பெரியவர். ஒருநாள் அவர் கட்டிலருகே வந்தார்.

“வைத்தியத்துக்கு அப்புறம் நோயாளிங்க எப்படி வாழறாங்கன்னு மார்க் போட நாளைக்கு ஒரு அதிகாரியம்மா வர்றாங்க. நீ தொண்ணூறு வாங்கணும். பொய்யும் சொல்லக் கூடாது. குறைஞ்சா கட்டில் காலி.”

“ஆகட்டுங்க சாமி,” என்றான் செங்கோடன்.

மறுநாள் அதிகாரியம்மா கேள்வித்தாளோடு உட்கார்ந்தார்.

“சோறு விழுங்கும்போது வலிக்குதா?”

“இல்லீங்க.”

“மாடி ஏறினா மூச்சு வாங்குதா?”

“இல்லீங்க.”

“வேலை செஞ்சா சோர்வா இருக்கா? வீட்டுல சண்டை சச்சரவு?”

“துளியும் இல்லீங்க.”

நூற்றுக்கு நூறு. டாக்டர் மீசையைத் தடவினார்.

“இவ்வளவு சுகமா இருக்கிற நீங்க ஏன் இன்னும் இங்கே இருக்கீங்க?” என்று அந்த அம்மா கேட்டார்.

செங்கோடன் சட்டையைத் தூக்கி வயிற்றிலிருந்த குழாயைக் காட்டினான்.

“கஞ்சி இதுவழியாத்தான் போகுதுங்க, விழுங்கறதே இல்லை. கட்டிலை விட்டு இறங்காதவன் மாடி எங்கே ஏறறது? வேலை போயிருச்சு. சண்டை போடவும் வீட்டுலிருந்து யாரும் வர்றதில்லை. நீங்க கேட்ட கஷ்டத்துல ஒண்ணுகூட எனக்கு மிச்சமில்லீங்கம்மா.”

டாக்டர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இதை எழுத அதில் இடமில்லை. நூறு என்றே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நூறு வாங்கியவனுக்குக் கட்டில் எதற்கு என்றார் டாக்டர். அன்று மாலையே, ‘பூரண குணம்’ என்று எழுதிய சீட்டை மார்பில் வைத்து, செங்கோடனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டுபோய் வாசலில் விட்டார்கள்.