தளவாய் குடித்த மிச்சம்

கருவாற்று நாட்டில் மழை பொய்த்த ஓர் ஆண்டு. ஆறு நூலாய் இளைத்துவிட்டது. அந்த நூலையும் தலைமடையிலேயே தன் பதினொரு கால்வாய்களில் சுற்றிக்கொண்டார் தளவாய் வீரமாணிக்கம். படைத்தலைவர், போதாததற்கு ராணியின் தம்பி.

கடைமடையிலிருந்து பூவாயி சபைக்கு வந்து, ஒரு பிடி நெற்கதிரை மன்னர் முன் வைத்தாள்.

"பால் பிடிக்கிற பயிரு சாமி. பத்து நாள் தண்ணி வந்தா நெல்லு. வராட்டி வைக்கோலு."

ஒரு பக்கம் குடிகள், மறுபக்கம் மைத்துனன். மன்னர் நெளிந்தார். "தளவாய் குடித்தது போக மிச்சமெல்லாம் கடைமடைக்கு. போய் வா தாயி."

தளவாய் மீசைக்குள் சிரித்தார். பதினொரு கால்வாய் குடித்தபின் மிச்சம் ஏது? "ஓலைக்காரரே, மன்னர் வாக்கை அப்படியே எழுதும். எழுத்துக்கு ஒரு விரல். மாற்றினால் வெட்டிவிடுவேன்."

அரண்மனை ஓலை எழுதும் வெண்காடருக்கு விரல்கள் மேல் பிரியம் உண்டு. இலக்கணத்தின் மேல் அதைவிட. அட்சரம் பிசகாமல் எழுதி முத்திரை வாங்கினார். மறுநாள் நாலு சேவகரோடும் ஒரு செம்போடும் தலைமடைக்குப் போனார்.

"தளவாயவர்களே, குடியுங்கள்."

"எதை?"

"கருவாற்றை. அரசாணை."

வேடிக்கை என்று நினைத்துத் தளவாய் ஒரு செம்பு குடித்தார். இரண்டாவதும் இறங்கியது. "இன்னும் கொஞ்சம்," என்று வெண்காடர் சம்பந்தி போல உபசரித்தார். மூன்றாவதில் விக்கல் பிடித்தது.

"போதுமய்யா!"

"போதுமாம், கேட்டீர்களா?" வெண்காடர் சேவகர் பக்கம் திரும்பினார். "பதினொன்றையும் அடையுங்கள். மிச்சம் கீழே போகட்டும்."

தளவாய் விக்கிக்கொண்டே அரண்மனைக்கு ஓடினார். பின்னாலேயே வெண்காடரும்.

"அத்தான்! இவன் என் வயலைப் பட்டினி போடுகிறான்!"

"அரசே, அங்கே இன்னும் நாற்றே நடவில்லை, சேறடிக்கிறார்கள். சேறு பத்து நாள் பொறுக்கும், கதிர் பொறுக்காது. பத்து நாள் கடைமடைக்கு, பத்து நாள் தலைமடைக்கு என்று முறை வைத்தால் இரண்டும் விளையும்."

"முறை கிடக்கட்டும்! அத்தான் சொன்னது என் கால்வாய் குடிப்பதைத்தானே?"

"ஓலையில் எழுவாய், தளவாய். தாங்கள் கேட்பதோ கால்வாய். அதற்கு இரண்டு எழுத்து மாற்ற வேண்டும். இரண்டு விரல் போனால் அப்புறம் நான் எப்படி எழுதுவது?"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. முறை அன்றே ஆணையாயிற்று. வெண்காடர் தோளில் பட்டு ஏறியது. தளவாய்க்குத்தான் விக்கல் நிற்கவில்லை.

"கொஞ்சம் தண்ணீர் குடியுங்களேன்," என்றார் மன்னர், பரிவோடு.