உப்பளத்துச் சாம்பல்நீலம்

உருவமற்ற ஓவியங்கள் வரைந்த பூங்கோதைக்கு ஒரே ஒரு மாணவர் இருந்தார். பெயர் தாணுலிங்கம். குருவைவிட வயதில் மிகவும் மூத்தவர். நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மேசைமேல் பானையை வைத்து, பார்த்து வரையச் சொல்லியே காலத்தைக் கழித்தவருக்கு, பானை இல்லாமலும் ஒரு படம் வரைந்துவிட வேண்டும் என்று ஆசை.

பூங்கோதை அவருக்குப் பெரிய கான்வாஸ் ஒன்றைச் சட்டத்தில் இழுத்து அடித்துக் கொடுத்தார். மழைக்காலம் முழுவதும் அது வெள்ளையாகவே நின்றது.

"என்ன சார், கான்வாஸுக்குக் காவல் இருக்கீங்களா?"

"எதைப் பார்த்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலம்மா."

கூடத்துச் சுவரில் பூங்கோதையின் படம் ஒன்று தொங்கியது. முழுக்கச் சாம்பல் கலந்த நீலம். நடுவே ஒரு பச்சைக் கீற்று. வந்தவர்கள் எல்லாரும் அதன் முன் நின்றுவிடுவார்கள். ஒருநாள் தாணுலிங்கமும் நின்றார்.

"இது எங்கேருந்தும்மா வந்துச்சு?"

"வேதாரண்யத்து உப்பளம், சார்."

மறுநாளே பஸ் ஏறினார். பாத்தி வரப்பில் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தார். உப்பு வாரியவர்கள், யாரோ அதிகாரி என்று எண்ணி மோர் கொடுத்தார்கள். வெள்ளை தெரிந்தது, கண் கூசியது. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை.

திரும்பி வந்தவர் துணிமணிகளை அடுக்கினார். பெட்டியைக் கையில் பிடித்தபடியே விடைபெற வந்து நின்றார். பூங்கோதை வரைந்துகொண்டிருந்தார்.

"மகன் வீட்டுக்கே போயிடறேன்மா. எனக்கு அந்தக் கண்ணு இல்ல. உப்பளத்துல நீங்க பார்த்தது எனக்குத் தெரியல."

"நான் அங்க போனது போன பங்குனியில, சார்."

தாணுலிங்கம் சுவரைப் பார்த்தார்.

"நான் வந்து சேர்ந்தப்பவே இது தொங்கிச்சே! நான் வந்ததே அதுக்கு முந்தின வருஷமாச்சே!"

"ஆமா. வர்றவங்க எல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு நச்சரிச்சாங்க. எனக்கே தெரியாது. ஒருநாள் வேதாரண்யம் பக்கம் பஸ்ல போறப்ப மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஜன்னல் வழியா பார்த்தா, இந்தப் படம் அங்க உப்பளத்துல கெடக்கு. அப்பாடா, இனிமே கேட்டா சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"என்னை வெயில்ல வேக விட்டுட்டீங்களேம்மா!"

"போகச் சொன்னேனா, சார்?"

அவர் பெட்டியோடு படத்தின் அருகே போனார். பிறகு கேட்டார்.

"அப்போ வரையும்போது எதைப் பார்த்தீங்க?"

"அதுக்கு முந்தி வச்ச கலரை."

"அதை வைக்கும்போது?"

"அதுக்கும் முந்தினதை."

"எல்லாத்துக்கும் முதல்ல ஒண்ணு வச்சிருப்பீங்களே. அதை எதைப் பார்த்து வச்சீங்க?"

பூங்கோதை எழுந்தார். தூரிகையில் அழுக்குப் பழுப்பு ஒட்டியிருந்தது. துடைப்பதற்குக் கந்தையைத் தேடினார் என்று சிலர் சொல்வார்கள். தேடவே இல்லை என்றும் சிலர் சொல்வார்கள். தாணுலிங்கத்தின் வெள்ளைக் கான்வாஸில் தூரிகையை ஒருமுறை துடைத்து, புரட்டி மறுமுறையும் துடைத்தார்.

"ஐயோ, நாசமாப் போச்சே!"

"எங்க சார்?"

"எங்கயா? கண்ணு தெரியலையா? இடப்பக்கம் பூரா கனத்துப்போய்க் கெடக்கு. படமே ஒருபக்கமா சாயுது."

பிள்ளைகளின் டிராயிங் நோட்டைத் திருத்தும் குரல் அது. ஓய்வுபெற்ற பிறகு அவரே அதைக் கேட்டதில்லை.

"இப்படியா விடுறது? வலது மூலையில, மேல, கொஞ்சம் மஞ்சள் வச்சா நிக்கும். ரொம்ப வேண்டாம். கொஞ்சம்."

"எதைப் பார்த்து சார் சொல்றீங்க?"

தாணுலிங்கம் ஒரு கையால் மஞ்சள் டியூபை எடுத்தார். மூடி இறுகியிருந்தது. திருக இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. பெட்டியைக் கீழே வைத்தார்.