செல்லக்கனி வெளியேறக் கூடாது

ஆமாம்பட்டி பேரூராட்சியில் எந்தத் தீர்மானமும் தோற்றதில்லை. தலைவர் சொரிமுத்து அண்ணாச்சி "சரிதானா?" என்று கேட்பார். உறுப்பினர்கள் "ஆமாம்" என்பார்கள். ஒருமுறை தவறிப்போய் "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டுவிட்டார். அதற்கும் "ஆமாம்" என்றார்கள். ஏகமனதாக நிறைவேறியது என்றுதான் அதையும் எழுதினோம். எழுதியவன் நான். அங்கே ஏழு மாதம் தற்காலிக எழுத்தராக இருந்தேன். இதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. குறைத்துச் சொன்னால்தான் நம்புவீர்கள்.

ஒரு திங்கட்கிழமை தையல்காரி செல்லக்கனி மனுவோடு வந்தார். கீழத்தெருவில் ஒரு சின்ன வீட்டில் ஒன்பது வருஷமாக வாடகைக்கு இருப்பவர். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் தங்கப்பழம். வீட்டை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப்போவதாகவும், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாம் சுற்றுவட்டாரத்தில்தான். அந்த வீடு போனால் செல்லக்கனிக்குப் பிழைப்பும் போய்விடும். "என்னை வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று உத்தரவிட வேண்டும்" என்று மனுவில் கேட்டிருந்தார்.

மன்றம் உருகிப்போனது.

"எழுது தம்பி," என்றார் தலைவர். "செல்லக்கனி எக்காரணம் கொண்டும் வீட்டை விட்டு வெளியேறக் கூடாது."

நான் எழுந்து நின்றேன். "ஐயா, வெளியேற்றக் கூடாதுன்னு இருக்கணும். நடுவுல ஒரு 'ற்' வரணும்."

"ஒரு எழுத்துதான?"

"ஆமாங்கய்யா. ஆனா அர்த்தம்..."

"ஒரு பொம்பளையத் தெருவுல நிக்கவிடாமக் காப்பாத்துதோம். அதுல ஒரு எழுத்து கூடுனா என்ன, கொறஞ்சா என்ன? சரிதானா?"

"ஆமாம்," என்றது மன்றம்.

எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. எழுதினேன்.

மறுநாள் காலையில் செல்லக்கனி குடத்தோடு வாசலுக்கு வந்தார். வாசற்படிக்கு வெளியே இரண்டாவது வார்டு உறுப்பினர் பிச்சம்மாளும் ஐந்தாவது வார்டு உறுப்பினர் அருளப்பனும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏளா செல்லக்கனி, உள்ள போ," என்றார் பிச்சம்மாள்.

"தண்ணி பிடிக்கணும்க்கா."

"தெருக்குழாய்க்கு வந்தா வெளியேறுன மாதிரி ஆயிரும்லா? ஒன்னப் பாதுகாக்கத்தான் விடிஞ்சதும் விடியாததுமா வந்து உக்காந்திருக்கோம்."

"என்னைய வெளியேத்தக் கூடாதுன்னுதானக்கா கேட்டேன்?"

"நீயே வெளியேறிட்டேன்னா, அப்புறம் நாங்க யார வெளியேத்தாம இருக்கது?"

செல்லக்கனி காலிக் குடத்தோடு உள்ளே திரும்பினார்.

செல்லக்கனியின் கணவர் இசக்கிமுத்து பஜாரில் டீக்கடை வைத்திருப்பவர். பால் வாங்கப் போனவர் அப்போதுதான் திரும்பி வந்தார். உள்ளே போகக் கூடாது என்று தீர்மானத்தில் இல்லாததால், வணக்கம் சொல்லி அனுப்பினார்கள். போனவரை வெளியே விடவில்லை. செல்லக்கனி என்றால் செல்லக்கனி வீட்டுக்குள் இருப்பவர்களும்தான் என்று அருளப்பன் விளக்கம் கொடுத்தார். இசக்கிமுத்து சண்டை போடவில்லை. அவரும் ஆமாம்பட்டிக்காரர்தானே. "சட்டம்னா சட்டம்தான்" என்று பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

பத்து மணி ஆகியும் டீ வரவில்லை என்றதும்தான் நிலைமையின் தீவிரம் மன்றத்துக்கு உறைத்தது. அவசரக் கூட்டம் கூடியது.

"தீர்மானத்த ரத்து பண்ணிருவமா?" என்றார் அருளப்பன்.

"ரத்து பண்ணுனா தங்கப்பழம் வீட்ட இடிச்சிருவாரு," என்றார் தலைவர். "வாக்கு குடுத்திருக்கோம்வே."

பிச்சம்மாள் தாடையில் கை வைத்து யோசித்தார். "அண்ணாச்சி, அவ வீட்ட விட்டு வரக் கூடாது. சரி. வீடு அவகூட வரலாம்லா?"

"வீட்டத் தள்ளிக்கிட்டா வர முடியும்?"

"எதுக்குத் தள்ளணும்? நீட்டுவோம். மனை வரைபடம் நம்ம ஆபீஸ்லதான இருக்கு?"

இப்படியொரு யோசனை ஆமாம்பட்டியில் அதுவரை யாருக்கும் வந்ததில்லை. நான் வரைபடத்தை விரித்து, பழைய கோட்டை ரப்பரால் அழித்து, தெருக்குழாய் வரை தள்ளி வரைந்தேன். தெருவிலும் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார்கள். செல்லக்கனி தன் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் பிடித்தார்.

டீக்கடைக்காகக் கோடு பஜார் வரை போனது. தைத்த ஜாக்கெட்டைக் கொடுப்பதற்காக மேலத்தெருவுக்குப் போனது. ஊக்கும் பொத்தானும் வாங்கும் கடை பஸ் நிலையத்தில் இருந்ததால், வியாழக்கிழமை பஸ் நிலையக் கடைகளும் உள்ளே வந்துவிட்டன; பஸ் நிற்கும் இடம் மட்டும் கோட்டுக்கு வெளியே. பேரூராட்சி அலுவலகம் செல்லக்கனி வீட்டின் வடமேற்கு மூலையில் அமைந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு நடப்பது மரியாதையா? பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் எல்லாம் செருப்பைக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, வெயிலில் துள்ளித் துள்ளி ஊருக்குள் வந்தார்கள். "இவ்வளவு பெரிய வீட்ட ஒத்தப் பொம்பள எப்படிக் கூட்டிப் பெருக்குவா?" என்று பிச்சம்மாளுக்குத்தான் கவலை.

தங்கப்பழத்தின் மாடி வீடும் கோட்டுக்குள் வந்துவிட்டது. அவர் அதைக் கண்டு சிரித்தார். செல்லக்கனியின் வாசலில் வந்து நின்று, "சுண்ணாம்பு ஒன்னக் காப்பாத்துமாளா? மாசக் கடைசியில புல்டோசர் வரும். கோட்டையும் சேத்து அள்ளிட்டுப் போயிரும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று செல்லக்கனி தையல் மிஷினை மூடி, துணிகளைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தார். நான் அதைப் பார்த்தேன். அந்த 'ற்' என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மாதக் கடைசி நாள். புல்டோசர் பேசி முடிக்கத் தூத்துக்குடிக்குப் போவதற்காகத் தங்கப்பழம் பஸ் நிலையத்துக்கு வந்தார். கூடவே அவர் மனைவி பாக்கியத்தாய். கோட்டின் அருகே அருளப்பன் கையை நீட்டி மறித்தார். வரவு செலவு அறிக்கைக்கு அருளப்பன் சொல்லும் கணக்கைக் குறித்துக்கொள்ள நானும் பக்கத்தில் வெற்றுக் காகிதத்தோடு நின்றேன்.

"எங்க கெளம்பிட்டிய? வீட்ட விட்டு வெளியேறக் கூடாது."

"யார் வீட்டவே?"

"செல்லக்கனி வீட்ட. கோட்டப் பாரும்."

"என்ன ஒளறுதீரு? அந்தச் சட்டம் வாடகைக்கு இருக்கவளுக்கு. எனக்கு இல்ல."

"அப்ப நீரு செல்லக்கனிக்கு யாரு?"

பஸ் புறப்பட உறுமியது. தங்கப்பழத்துக்குக் கோபம் தலைக்கேறியது. நிலையம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"நான் அவளுக்கு வீட்டுக்காரன்வே! ஒம்பது வருஷமா வீட்டுக்காரன்!"

டிரைவர் இன்ஜினை அணைத்தார். பாக்கியத்தாய் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"ஒம்பது வருஷமாவா?" என்றார்.

"ஏய், அந்த வீட்டுக்காரன் இல்லளா!"

"எந்த வீட்டுக்காரன்? மொத்தம் எத்தன பேருக்கு நீங்க வீட்டுக்காரரு?"

தங்கப்பழம் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "நாலு," என்றார். சும்மா இருந்திருக்கலாம்.

பாக்கியத்தாய் சேலை முந்தியை இடுப்பில் செருகினார். "எங்க அண்ணமாரு அஞ்சு பேரையும் வரச் சொல்லுதேன். இல்லன்னா இந்த நிமிஷமே எழுதிக் குடுங்க, அவளுக்கு நான் வீட்டுக்காரன் இல்லன்னு."

அந்த அண்ணன்மார்களைத் தங்கப்பழத்துக்குத் தெரியும். என் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கி, பஸ்ஸின் முகப்பில் வைத்தே எழுதினார்: "கீழத்தெரு செல்லக்கனிக்கு நான் வீட்டுக்காரன் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. இனி இருக்கப்போவதும் இல்லை." கையெழுத்தும் போட்டார். நான் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ஓடிப்போய் பேரூராட்சி முத்திரையை வைத்தேன்.

வீட்டுக்காரர் இல்லாத வீட்டை யார் இடிப்பது? செல்லக்கனி அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். சாக்குகளை அவிழ்த்து, மிஷினில் நூல் கோத்தார்.

சாயங்காலம் மன்றம் சிறப்புக் கூட்டம் நடத்தியது. தலைவர் காகிதத்தை உரக்கப் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"பாவம்வே அந்தப் புள்ள. ஒரே நாள்ல வீட்டுக்காரர் இல்லாமப் போயிட்டாளே! எல்லாரும் எந்திரிச்சு ரெண்டு நிமிஷம் மௌனமா நிப்போம். சரிதானா?"

"ஆமாம்."

எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்து இசக்கிமுத்து டீ கொண்டுவந்தார். பதறிப்போய் அருளப்பன் காதோரம் குனிந்தார்.

"யாரு அண்ணாச்சி தவறிட்டாங்க?"

"செல்லக்கனியோட வீட்டுக்காரர்."

இசக்கிமுத்து டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, காலையிலகூட நல்லாத்தான இருந்தேன்!"