கறையில்லாத கடல்

ஆவுடையப்பனுக்குப் பாளையங்கோட்டையில் ஜவுளிக்கடை. ஐம்பது வயதுக்கு மேல் புகைப்படக் கிறுக்குப் பிடித்துக்கொண்டது. அவருக்குக் குருவாக வாய்த்த ரெஜினா கடற்கரைக்காரி, மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவர் “டீச்சர்” என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு அவர் அண்ணாச்சி.

அன்று காலை இருவரும் கடலோரப் பாறையின் உச்சியில் நின்றார்கள். ஒரு வாரமாகக் கொந்தளித்த கடல் அன்றைக்குத்தான் அடங்கியிருந்தது. கீழே பிறை போல் வளைந்த வெண்மணல், அதை ஒட்டித் தென்னந்தோப்பு. கரையோரம் வெளிர்பச்சையாகக் கிடந்த தண்ணீர், தள்ளிப் போகப் போக மயில்கழுத்தாகி, கடைசியில் நீலமாகி வானத்தைத் தொட்டது. ஆயிரக்கணக்கில் சேலை விரித்த கை கேமராவைத் தூக்க மறந்து நின்றது.

“இந்த நிறத்தை நெய்ய முடியுமா டீச்சர்?”

“முடியாது.”

“நானும் இதே பாறையிலேருந்துதான் எடுக்கேன். உங்க படத்து முன்னால ஆளுக அசையாம நிக்காங்க. என் படத்தை ‘நல்லாருக்கு’ன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிருதாங்க. ஏன்?”

“எடுங்க, பாப்போம்.”

அடிவாரத்தில் விட்டுவந்த கேமரா ஸ்டாண்டை எடுக்க ரெஜினா இறங்கிப் போனாள்.

ஆவுடையப்பன் கேமரா வழியாகப் பார்த்தார். எல்லாம் பட்டு. ஒரே ஒரு குறை. பச்சைத் தண்ணீருக்கு நடுவே ஒரு கருந்திட்டு. வானத்தில் மேகம்கூட இல்லை. கறை பட்ட துணியை அவர் கடையில் பிரிக்கவே விடமாட்டார். திட்டு மெல்ல நகர்வதுபோல் தெரிந்தது. போகட்டும் என்று காத்திருந்தார்.

அதற்குள் ஒரு மீன்பிடி வள்ளம் குறுக்கே வந்தது. அதுவும் அந்தக் கறையைப் பார்த்தே வந்தது.

தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உருவினார். “தள்ளிப் போங்கப்பா!” என்று இடப்பக்கமாக வீசி வீசிக் காட்டினார்.

வள்ளத்தில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். உடனே இடப்பக்கம் திரும்பினார்கள். என்ன தங்கமான ஜனங்கள் என்று அவர் நெகிழ்ந்துபோனபோது, வள்ளத்திலிருந்து வலை சரசரவென்று தண்ணீரில் இறங்கியது.

பக்கத்துப் பாறையிலிருந்து ஒரு அலறல். “லேய், யாருலே துண்டு வீசுனது?”

அலறியவர் வியாகுலம். மேலே நின்று மீன்கூட்டம் பார்த்து, துண்டசைத்து வள்ளத்துக்குத் திசை காட்டுகிறவர். அவர் கையிலும் சிவப்புத் துண்டு.

“அந்தக் கறுப்பு பூராவும் சாளை மீனு, ஐயா! சாளைக் கூட்டம்! ஒரு வாரமா உலை வைக்காத கரை...”

தலையில் கை வைத்துக்கொண்டார். கருந்திட்டு சிதறிக் கலைந்து ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்டாண்டோடு ஏறிவந்த ரெஜினாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

“கீழே போங்க அண்ணாச்சி. கரையிலேருந்து வலைக்கயிறு இழுக்க ஆள் வேணும்.”

“ஏசுவாங்களே?”

“ஏசுவாங்க.”

ஏசினார்கள். “கல்யாணப் பந்தி வாசல்ல நின்னு ஆள் கூப்பிடுத மாதிரியில்லா கைகாட்டுனீரு!” என்றாள் கயிற்றின் முன்னால் நின்ற ஒருத்தி. அதே வாயோடு, “குதிகாலை மண்ணுல ஊணும் வே. இல்லன்னா கயிறு உம்மளக் கடலுக்குள்ள இழுத்துரும்” என்று சொல்லியும் கொடுத்தாள். அவர் ஊன்றினார், இழுத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. வலை கரைக்கு வந்தபோது அதில் பாசியும் சில நண்டுகளும் இருந்தன.

அதற்குமேல் யாரும் ஏசவில்லை. பாசியை உதறி வலையை மறுபடி வள்ளத்தில் அடுக்கினார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாக அண்ணாந்து பக்கத்துப் பாறையைப் பார்த்தார்கள். உச்சியில் சிறு புள்ளியாக நின்ற வியாகுலம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்கையை விரித்துக் காட்டினார். வள்ளம் கரையேறியது.

ஆவுடையப்பன் மூச்சிரைக்க மேலே வந்தார். அவருடைய கேமராவை ரெஜினா ஸ்டாண்டில் பொருத்தி வைத்திருந்தாள். கீழே கடல் ஒரு மடிப்பில்லாமல், ஒரு புள்ளியில்லாமல் மின்னியது.

“டீச்சர்...”

ரெஜினா விலகி நின்று அவருக்கு இடம் விட்டாள்.

“கறையும் போச்சு, வள்ளமும் போச்சு. இப்ப எடுங்க அண்ணாச்சி.”