பச்சை வயர்

மடம் கட்டாத சாமி ஒருவர் இருந்தார். பழைய பள்ளிக்கூட பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் அதிலேயே வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். அவரே ஓட்டுவார். ஜனங்கள் வண்டிச்சாமி என்றார்கள்.

அவருக்கு ஒரே சிஷ்யை, உலகம்மாள். வயதில் சாமிக்கு அக்கா மாதிரி. புருஷன் போன பிறகு வந்து சேர்ந்தவள். எதற்கும் அடித்துக்கொள்ளும் மனசு. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்வாள். அதனால்தானோ என்னவோ, கரண்ட் எடுக்கிற வேலையைச் சாமி அவளிடம் விட்டிருந்தார்.

வண்டி நிற்கிற இடத்தில் கோயிலிலோ மில்லிலோ கேட்டு, நீளமான கறுப்பு வயரை இழுத்து வண்டிக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். உலகம்மாள் அதைப் பூஜை மாதிரி செய்வாள். சுருண்டு கிடந்தால் சூடேறும் என்று வயரை முழுசும் பிரிப்பாள். எங்கேயாவது தோல் வெடித்திருக்கிறதா என்று கையால் உருவிப் பார்ப்பாள். தண்ணீர் தேங்குகிற இடத்தை விட்டு, ஆள் கால் இடறாத ஓரமாக இழுப்பாள். வண்டிப் பக்கம் முதலில் மாட்டுவாள், சுவர்ப் பக்கம் கடைசியில். கழற்றும்போது சுவர்ப் பக்கம்தான் முதலில். ஒரு தடவையும் மாற்றிச் செய்ததில்லை.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் அம்மன் கோயில் பக்கத்தில் வண்டி நின்றது. சாமிக்கு நல்ல காய்ச்சல். தகரக் கூரை வெயிலில் வெந்தது. உலகம்மாள் வயரைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் ஓடினாள். அங்கே இருந்தது இரண்டு ஓட்டை மட்டும் உள்ள பழைய காலத்து பிளக் பாயிண்ட்.

"மூணு கால் பிளக்கு இதுல ஏறாதும்மா" என்றார் பூசாரி.

"வேற எங்கயும் இல்லியா?"

"ரைஸ் மில்லுல இருக்கு. மில்லுக்காரர் கல்யாணத்துக்குப் போயிட்டாரு. பூட்டிக் கெடக்கு. எதுக்கு அலையுதீங்க? பிளக்கை வெட்டிட்டு ரெண்டு வயரைத் தீக்குச்சி வச்சுச் சொருகுங்க. கொடைத் திருவிழாவுக்கு இங்க ரேடியோ செட்டே அப்படித்தான் ஓடுது."

"பச்சை வயரு?"

"அது சும்மா கெடக்குறதும்மா. அதுல கரண்டே வராது."

உலகம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே சாமி அனத்துவது வெளியே கேட்டது. அரிவாள்மணையை எடுத்து பிளக்கை வெட்டினாள். சிவப்பையும் கறுப்பையும் சொருகினாள். பச்சையை மடக்கித் துணியால் கட்டினாள்.

பேன் சுற்றியது. பிரிட்ஜ் உறுமியது. ஒன்றும் குறையவில்லை.

அன்று ராத்திரி நல்ல மழை.

காலையில் பெண்கள் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு கோயிலுக்கு வந்தார்கள். செருப்பைத் தூரத்திலேயே விட்டுவிட்டு, வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்தாள் ஒருத்தி. எல்லா ஊரிலும் நடப்பதுதான். தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்தாள்.

"சுர்ருன்னு ஏறுது மைனி."

"எங்க, நான் பாக்கேன்." மைனியும் தொட்டாள். "ஆத்தா. முழங்கை வரைக்கும்லா ஏறுது."

சாமி உள்ளே படுத்திருக்கிறார், அவர் சக்தி தகரம் வழியாக இறங்குகிறது என்று பேச்சு கிளம்பியது. சாயங்காலத்துக்குள் கூட்டம் கோயிலைச் சுற்றி நின்றது. வரிசையில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி வந்தாள். வாதம் வந்து வலது கை விழுந்துபோனவள். இடது கையால் வலது கையைத் தூக்கி வண்டிமேல் வைத்தாள். செத்த விரல்கள் துள்ளின. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கூட்டம் போன பிறகு உலகம்மாள் வண்டியைத் தொட்டாள்.

ஒன்றுமில்லை.

இடம் மாற்றித் தொட்டாள். இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி வைத்து, கண்ணை மூடி, சாமி சாமி என்று நின்றாள். தகரம் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். பித்தவெடிப்புக் காலில் தடித்த ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மறுநாளும் தூறல். விடிந்ததுமே வரிசை. வயசாளி ஒருவர் தொட்டார். தூக்கிப் போட்டது போல மல்லாந்து விழுந்தார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"தாத்தாவுக்கு ரெண்டு பங்கு" என்று கூட்டம் சிரித்தது.

உலகம்மாளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. உள்ளே போனாள். சாமி காய்ச்சல் விட்டும் விடாமலும் கண் திறந்து படுத்திருந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நேத்து வந்தவங்களுக்கெல்லாம் கெடைக்கு. பீடி குடிக்கிற கிழவனுக்குக்கூட கெடைக்கு. இத்தனை வருஷம் உங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவளுக்கு ஏன் இல்ல? நான் என்ன பாவம் பண்ணேன்?"

"என்ன கெடைக்கு?"

"உங்க சக்திதான். வண்டியைத் தொட்டா ஏறுது. இப்பக்கூட அந்தத் தாத்தாவைத் தூக்கிப் போட்டுச்சு."

சாமி எழுந்து உட்கார்ந்தார்.

"செருப்புப் போட்டுக்கிட்டா தொடுதாங்க?"

"கோயிலாட்டம் நெனைச்சு வாறாங்க. எப்படிப் போடுவாங்க?"

சாமி அவள் காலைப் பார்த்தார்.

"போய் சுவர்ல சுவிட்சை அணைங்க."

"நான் கேட்டதுக்கு..."

"அணைச்சிட்டு வாங்க. கம்பியைப் பிடிக்காம இறங்குங்க. ஓடுங்க."

அவர் குரல் அப்படி உயர்ந்து அவள் கேட்டதில்லை. ஓடினாள். வரிசையில் அடுத்து நின்றது பேச்சியம்மாள். மருமகள் தாங்கிப் பிடிக்க, விழுந்த கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். உலகம்மாள் சுவிட்சைத் தட்டினாள். பேன் நின்றது. கை வண்டிமேல் பட்டது.

விரல் அசையவில்லை.

"எனக்கு இன்னைக்கு இல்லியா?" என்றாள் பேச்சியம்மாள்.

சாமி போர்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கினார். வயரின் நுனியைக் கொண்டுவரச் சொன்னார். துணியை அவிழ்த்தார்.

"இது ஏன் மடங்கிக் கெடக்கு?"

"அதுக்கு அங்க ஓட்டை இல்ல சாமி. அது இல்லாமலே எல்லாம் ஓடுச்சு."

"ஓடும்" என்றார் சாமி.

பிறகு கூட்டத்தைப் பார்த்து, "உங்களுக்கு ஏறினது கரண்ட்டு. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

யாரும் நகரவில்லை.

"சாமி நம்மளைச் சோதிக்காரு" என்றார் விழுந்த தாத்தா. "எனக்கு மூட்டுவலி போயிட்டு. கரண்ட்டு பில்லுல அது உண்டா?"

சாமி எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். உலகம்மாளிடம் வயரை மறுபடி சொருகி சுவிட்சைப் போடச் சொன்னார். கரண்ட் பார்க்கிற டெஸ்டரை வண்டியின் தகரத்தில் வைத்து, மறு கையால் வெளிச்சத்தை மறைத்துப் பிடித்தார். டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது. கதவில் வைத்தார், எரிந்தது. படியில் வைத்தார், எரிந்தது. அணைக்கச் சொன்னார். தகரத்தில் மறுபடி வைத்தார். எரியவில்லை.

"வண்டிக்குள்ள எங்கயோ வயரு கசியுது. பச்சை வயரு இருந்தா அதை மண்ணுக்குக் கொண்டுபோயிருக்கும். அது இல்ல. அதனால உங்க உடம்பு வழியா மண்ணுக்குப் போச்சு. உள்ள கெடந்த எனக்குத் தெரியல. ஈர மண்ணுல வெறுங்காலோட நின்னீங்க, உங்களுக்குத் தெரிஞ்சுது."

உலகம்மாள் குனிந்து தன் ரப்பர் செருப்பைப் பார்த்தாள். பிறகு தாத்தாவைப் பார்த்தாள். அவர் சட்டை முதுகில் மண் இன்னும் ஒட்டியிருந்தது.

ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சாமிக்கு என்று கொண்டுவந்த தேங்காயைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. பேச்சியம்மாள் மட்டும் போகவில்லை. சாமியை விட்டுவிட்டு, சுவிட்சுப் பக்கம் நின்ற உலகம்மாளிடம் வந்தாள்.

"கரண்ட்டா இருந்தா இருந்துட்டுப் போட்டும் தாயி. வெரலு அசைஞ்சுது, நீயும் பாத்தே. ஒருக்கா போடு. ஒரே ஒருக்கா."

உலகம்மாள் சாமியைப் பார்த்தாள். சாமி போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டார்.

"என் கையால ஒரு வாய் சோறு எடுத்துத் திங்கணும். ரெண்டு வருஷமா மருமவதான் ஊட்டுதா."

"மாட்டேன்க்கா."

"செத்தா நான்தான் சாவேன். உனக்கென்ன?"

"போட மாட்டேன்."

பேச்சியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நேத்து எல்லாரும் போன பொறவு நீ தொட்டுத் தொட்டுப் பாத்ததை, ஓரமா உக்காந்திருந்த நான் பாத்தேன். உனக்குக் கெடைக்கல. அதான் எனக்கும் இல்லாம ஆக்கிட்டே."

உலகம்மாள் சுவிட்சின்மேல் கையைப் பொத்தி அங்கேயே நின்றாள். மாமியாரை மருமகள் மெல்ல அழைத்துக்கொண்டு போனாள். தெரு திரும்புகிற வரைக்கும் அந்தக் கை ஆடிக்கொண்டே போனது.

பகல் முழுக்க உலகம்மாள் விசிறியால் சாமிக்கு வீசினாள். சாயங்காலம் மில்லுக்காரர் வந்தார். மில்லில் மூன்று ஓட்டை பாயிண்ட் இருந்தது. உலகம்மாள் கடைத்தெருவில் புது பிளக் வாங்கிவந்தாள். சாமி பிரிட்ஜை நகர்த்திப் பார்த்தார். வண்டி குலுங்கிக் குலுங்கி, பின்னால் ஒரு வயர் தோல் உரிந்து, மழை ஓதத்தில் தகரத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்தது. அதை மாற்றினார். புது பிளக்கில் பச்சையையும் முடுக்கிக் கொடுத்தார்.

உலகம்மாள் வயரைப் பிரித்தாள், உருவினாள், வண்டியில் மாட்டினாள், கடைசியில் சுவரில் மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். டெஸ்டரை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். எங்கேயும் எரியவில்லை. செருப்பைக் கழற்றினாள். ஈர மண்ணில் வெடித்த காலை ஊன்றி, முதலில் புறங்கையால் தொட்டாள், பிறகு உள்ளங்கையை வைத்தாள். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

உள்ளே வந்து சாமியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல சாமி."

"செருப்பைக் கழட்டிட்டுத் தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"இத்தனை வருஷமா எத்தனையோ ஊர்ல எத்தனையோ பேர் வந்து, நீங்க கரண்ட் மாட்டின இந்த வண்டியைத் தொட்டிருக்காங்க, உலகம்மா" என்றார் சாமி. "அவங்களுக்கும் ஒண்ணும் ஆகலையே."