அணில் புதைத்த டிரைவர்

"டிரைவரை எல்லாம் புதுசா மாத்தினேன். என் கம்ப்யூட்டர் குதிச்சு ஓடுது."

ஒரு காட்டில், நாவல் மரத்தைத் தாண்டிப் போன முயல் தன் தோழனிடம் இப்படிச் சொன்னது, அடிமரப் பொந்தில் இருந்த அணிலின் காதில் விழுந்தது. கம்ப்யூட்டரும் அதன் கருவிகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள உதவும் சின்ன மென்பொருள்தான் டிரைவர்.

அணிலின் கம்ப்யூட்டருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மனம் குறுகுறுத்தது. ஆற்றுக்கு அக்கரையில் தங்கைக்குக் குட்டிகள் பிறந்திருந்தன. ஆற்றிலோ வெள்ளம். பொழுது சாயும்போது வீடியோ அழைப்பில் காட்டுவதாகத் தங்கை சொல்லியிருந்தது. நடுவில் படம் நின்றுவிட்டால்?

அணில் முயலைக் கூப்பிட்டது.

"நரியண்ணன் இணையதளத்துல ஒரே பொத்தான்தான் அக்கா. அமுக்கினா எல்லாம் புதுசு" என்றது முயல்.

"கொஞ்சம் பொறு."

அணில் பழைய டிரைவர்களைப் பென்டிரைவில் ஏற்றி, கொட்டாங்குச்சியில் மூடி, வெளியே மண்ணில் புதைத்தது.

முயல் சிரித்தது. "நீங்க புதைச்சதுல பாதி எங்கே இருக்குன்னு உங்களுக்கே தெரியாது. இதையுமா?"

"என்ன செய்ய, பழக்கம்."

பொத்தானை அமுக்கினார்கள். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. புது டிரைவர் பொருந்தாமல் இணையம் போயிருந்தது. சரியான டிரைவரை இறக்கலாம் என்றால், அதற்கும் இணையம் வேண்டும்.

"என்னோடது வேற கம்ப்யூட்டர்" என்று முனகிய முயலின் காதுகள் தொங்கின.

அப்போது வாசலில் நரி வந்து நின்றது. "இணையம் இல்லையாமே, தங்கச்சி? சரிசெய்து தருகிறேன். பொந்தில் இருக்கும் கொட்டைகளை எல்லாம் கொடுத்தால் போதும்."

"நான் யாரிடமும் சொல்லவே இல்லையே அண்ணா. பெரிய சாக்கு வேறு கொண்டுவந்திருக்கிறீர்கள்" என்றது அணில்.

நரி சாக்கை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டது.

அணில் துள்ளி வெளியே ஓடித் தோண்டியது. ஒரு குழியில் புளியங்கொட்டை. இன்னொன்றில், போன கோடையில் தொலைத்த மாங்கொட்டை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முயலும் மண்ணை வாரி இறைத்துத் தோண்டியது. கடைசியில் கொட்டாங்குச்சி தட்டுப்பட்டது.

பழைய டிரைவர் ஏறியது. இணைய விளக்கு மினுங்கியது. உடனே அழைப்பு மணி அடித்தது. திரை நிறைய, கண் திறக்காத குட்டிகள்.

அணில் வாலை ஆட்டி ஆட்டிக் கொஞ்சியது. பிறகு மாங்கொட்டையை நரியின் சாக்கில் போட்டுவிட்டு, பென்டிரைவை மீண்டும் புதைக்கப் போனது.

நீதி: புதியதை ஏற்கும் முன், பழையதற்குத் திரும்பும் வழியைக் காத்து வை.