பிரிடாக்சல் தலையில் ஏறிய தலைப்பாகை

முன்னொரு காலத்தில், எந்த வரைபடத்திலும் இல்லாத, ஆனால் நம் வலது விலா எலும்புகளுக்குக் கீழேயே இருக்கும் கல்லீரல் நாட்டை ஓர் அரசன் ஆண்டான். நல்லவன்தான், கடைசியாக யார் பேசினாரோ அவரை நம்புகிறவன்.

அந்நாட்டுப் பிரபுக்கள் அமினோ அமிலங்கள். அவர்கள் கட்டும் தலைப்பாகைக்கு அமினோ தொகுதி என்று பெயர். அது இல்லாதவர் வெறும் கீட்டோ அமிலம். ஒருவர் தலைப்பாகையை இன்னொருவருக்குத் தரலாம்; நேரே கைமாற்ற முடியாது. நழுவிப் போனால் அது அம்மோனியா என்ற நஞ்சாகிவிடும். ஆகவே அமைச்சர் மாற்றுநொதியார், அதை வாங்கிக் கொடுக்க பிரிடாக்சல் என்ற துணைநொதியைத் தன் மடியிலேயே வைத்திருந்தார்.

இரைப்பையிலிருந்து விருந்துக்கு வந்த பெப்சினுக்கு இது பொறுக்கவில்லை.

"அரசே, நானும் நொதிதான். யார் துணையும் இல்லாமல் பருப்பையும் இறைச்சியையும் வெட்டித் தள்ளுகிறேன். இந்தப் பயல் வேலைக்கு முன்னும் வெறுங்கை, பின்னும் வெறுங்கை. இவனுக்கு எதற்குச் சோறு?"

"அட, ஆமாம்! பிரிடாக்சல், உன்னிடம் இருப்பதை எடுத்துக்கொண்டு நாட்டைவிட்டுப் போ!"

பிரிடாக்சலின் முகம் வாடியது. அமைச்சர் பதறவில்லை. "உத்தரவு, அரசே. கீட்டோ அமிலம் ஆக்சலோ அசிட்டேட் வெறுந்தலையோடு காத்திருக்கிறார். அந்த வேலையை மட்டும் தொடங்கிவிட்டுப் போகட்டும்."

குளூட்டமேட் பிரபு குனிந்தார். பிரிடாக்சல் அவர் தலைப்பாகையைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டான். (அந்த நொடியில் அவன் பெயர் பிரிடாக்சமீன். இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.)

"போதும் தம்பி, கிளம்பு" என்றார் அமைச்சர். அவன் வாசலை நோக்கி நடந்தான்.

"ஐயோ, எனக்கு வரவேண்டிய தலைப்பாகை!" என்று அலறினார் ஆக்சலோ அசிட்டேட்.

"பிடியுங்கள் அவனை!" என்றான் அரசன்.

"அவனிடம் இருப்பது அவனுக்கு என்பது தங்கள் உத்தரவாயிற்றே?" என்றார் அமைச்சர். " வேண்டுமானால் பெப்சின் வாங்கி வரட்டும்."

பெப்சின் பாய்ந்தான்.

"கத்தியைக் கீழே வையுங்கள் ஐயா, துணி கிழியும்!" என்றான் பிரிடாக்சல்.

பெப்சினுக்குக் கத்தியைத் தவிர வேறு கையே கிடையாது. அப்படியே நின்றான்.

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். "தொடக்கத்தையும் முடிவையும் பார்த்தேன், நடுவைப் பார்க்காமல் விட்டேன். வாடா இங்கே!"

பிரிடாக்சல் திரும்பி வந்து தலைப்பாகையைக் கட்டிவிட, ஆக்சலோ அசிட்டேட் அஸ்பார்டேட் பிரபுவாகி மீசையை முறுக்கினார்.

"என்ன வேண்டும், கேள்."

"எங்கள் குலம் இந்நாட்டில் பிறப்பதில்லை அரசே. பி6 வைட்டமின் என்ற பெயரில் வாழைப்பழத்தில் ஏறித்தான் வருகிறோம். வழியில் கொஞ்சம் மரியாதை கிடைத்தால் போதும்."

"இரைப்பை வாசலில் நிற்பது யார்? பெப்சின்! இனி வாழைப்பழம் வந்தால் எழுந்து நின்று கும்பிடு."

"நான் வெட்டுவது புரதம்; வாழைப்பழத்தில் அது பெரிதாக இருக்காதே!" என்று முனகினான் பெப்சின்.

"அதனால்தான் ஐயா," என்றார் அமைச்சர், "கும்பிட நேரம் கிடைக்கும்."